எழுபத்திரண்டு மணித்தியாலம்

வெள்ளி இரவு பதினொன்று ஐம்பதுக்கு விமானம்.
அதிலிருந்து பின்னால் எண்ண வேண்டும்.
கொழுந்து நிறுக்கும்போது
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்களே,
அப்படித்தான் நானும் கழித்தேன்:
மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கு நாலு,
கியூவுக்கு இரண்டு,
ஆய்வுகூடத்துக்கு ஒரு முழு நாள்,
கினிகத்தேனையில் மண் சரிந்தால்
அதற்கொரு ஆறு.
மிச்சம் கைக்கு வருவது
எப்போதும்போல் கொஞ்சம்.

படிவம் லோஷினியின் வேலை.
பதினேழு வயது, எங்கள் வீட்டில்
ஆங்கிலத்துக்குப் பயப்படாத ஒரே ஆள்.
தெருவின் பெயர் கேட்டது போன்.
தெரு ஏது நமக்கு என்றேன்.
வெறுமையாய் விட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம்.
'ஏழாம் நம்பர் மலை' என்று அடித்தாள்.
ஏற்றுக்கொண்டது.

அபிஷாந்துக்குப் பதினான்கு.
பன்னிரண்டு தாண்டினால் ஊசி கட்டாயம் என்றது
அவன் அப்பா பாண் சுடும் நாடு.
அந்த வயதுக்கு இன்னும் ஊசி வரவில்லை என்றது
நாங்கள் இருக்கும் நாடு.
இரண்டுக்கும் நடுவில்
மீசை அரும்பி நின்றான் நாலு மாதம்.
ஊசி வந்தது. அட்டையில் பெயர் 'அபிஷான்'.
கடைசி எழுத்தை மீட்க
எம்.ஓ.எச். கந்தோருக்கு மூன்று நடை.
ஒரு எழுத்துக்கு
மூன்று அரைப்பேர்.

செவ்வாய் இரவு அவனைக் காணவில்லை.
பீலிக்கரையில் இல்லை. கோயிலடியில் இல்லை.
கடைசிக் காம்பராவில்
ரொபின்சனுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
ஒரே கம்பளிக்குள் இரண்டு பேர்,
ஒரே கோப்பை மாறி மாறிப் போனது.
முகக்கவசம் இவன் முழங்கையில்
காயத்துக்குக் கட்டின துணிபோல் தொங்கியது.

இழுத்து வந்தேன். ஏன்டா என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கு என்றான்.
மைதானத்தைப் பூட்டி வருசமாகிறது,
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அதற்கு முந்தின இரவு வீடியோவில் அவர்
"எங்க, தள்ளி நின்னு உசரத்தைக் காட்டு" என்றபோது
இவன் எழும்பவே இல்லை.
நாலு வருசம். அதை அளக்க
போன் திரை போதாது.

கண்டியில் குச்சியை மூக்கில் விட்டார்கள்.
லோஷினிக்குக் கண்ணீர், எனக்குத் தும்மல்.
அவன் மட்டும் நன்றாய் அண்ணாந்து கொடுத்தான்.
நல்ல பிள்ளை என்றாள் தாதி, சிங்களத்தில்.

வியாழன் பின்னேரம், மழை.
சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கி வளைவில்தான்.
பைக்குள் ஊசி அட்டை மூன்று.
என் காலில் இன்னொரு அட்டை,
அதற்கு யாரும் பெயர் கேட்கவில்லை.

தாள்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.
லோஷினிக்கு இல்லை.
அவனுக்கும் இல்லை. உதட்டைக் கடித்தான்.
மூன்றாவது பாதியில் நின்று சுற்றியது,
திறந்தது.
லோஷினி வாசிக்கவில்லை.
அவன் எட்டிப் பார்த்தான்.
அவன் கேட்ட சொல்
என் பெயருக்கு நேரே இருந்தது.

வெள்ளி இரவு பதினொன்று ஐம்பதுக்கு
நான் விழித்துத்தான் இருந்தேன்.
காம்பராவை நடுவில் சேலையால் பிரித்திருந்தார்கள்.
பயணப்பெட்டியின் பூட்டு திறக்கும் சத்தம்.
அப்பாவுக்கென்று காசு கொடுத்து வாங்கின முதல்தரத் தூள்,
நாங்கள் கொழுந்தெடுத்து நாங்கள் குடிக்காத தூள்,
பொட்டலத்தைப் பல்லால் கிழித்தான்.
சேலைக்குக் கீழே கோப்பை நகர்ந்து வந்தது.
பின்னால் பாதம் மட்டும் தெரிந்தது,
அப்பாவின் பழைய செருப்பில்
குதிகால் வெளியே.

"மணக்குதாம்மா?"

நேற்றிலிருந்து எனக்குச்
சூடம்கூட மணக்கவில்லை.
மணக்குது என்றேன்.
"இனிப்பு?"
ஒரு வாய் குடித்தேன். அளவா இருக்கு.

"நான் சீனியே போடலையே" என்றான்.

அந்தப் பக்கம்
செருப்பு வெகுநேரம் அசையவில்லை.